அம்மாவின் மாத்திரையும் என் 1500 மீட்டரும்

சுவரிதழுக்கு ஓட்டப் பயிற்சி பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதப்போவது ஓட்டம் பாதி, திருட்டு பாதி. அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதனால் இங்கே எழுதத் தைரியம் வந்தது.

நான் 1500 மீட்டர் ஓடுகிறவன். நம்ம கிரவுண்டில் 200 மீட்டர் டிராக்கை ஏழரைச் சுற்று. குறுவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து ஓட ஆரம்பித்தேன். முதல் வாரமே கெண்டைக்கால் ரெண்டும் கல் மாதிரி ஆயிடுச்சு. படி இறங்கினால் உயிர் போகும். அப்போதுதான் ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்: "வைட்டமின் சி போடுடா. அது ஆன்டி ஆக்ஸிடன்ட். வலி போகும், கொழுப்பு எரியும், ஸ்டாமினா ஏறும்." ஒரே மாத்திரையில் மூன்று பலன். விட மனசு வருமா?

வாங்கக் காசு இல்லை. ஆனால் மாத்திரை வீட்டிலேயே இருந்தது. அம்மாவுக்கு ரத்தம் 8 பாயிண்ட்தான் இருக்கிறது என்று டெஸ்டில் வந்திருந்தது. தண்ணிக் குடத்தோடு எங்க தெரு மேட்டில் ஏறும்போது மூணு இடத்தில் நின்னு மூச்சு வாங்குவாங்க. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும், கூடவே 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ரெண்டையும் சேர்த்துப் போடணும், டீ குடிக்கும்போது போடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். வைட்டமின் சி மாத்திரை ஆரஞ்சு கலர், சப்பிச் சாப்பிடுவது, மிட்டாய் மாதிரி இருக்கும். முதல் நாள் ஒன்று எடுத்தேன். அப்புறம் தினமும் ரெண்டு.

பத்து நாளில் அட்டை காலி. "நான்தான் மறந்துபோய் ரெண்டு ரெண்டா போட்டுட்டேன் போல" என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சேர்த்துப் போடணும்னு சொன்ன மாத்திரை ஒண்ணு இல்லாமல் இன்னொண்ணு எதுக்கு என்று இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்கு என் சுற்றுக் கணக்குதான் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் விலங்கியல் வகுப்பில் மைட்டோகாண்ட்ரியா பாடம். கொழுப்பு எரிகிற அடுப்பே அதுதான். நான் எழுந்து, "ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் கொழுப்பு நிறைய எரியுமா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் சொன்னது இது: ஓடும்போது தசையில் ஃப்ரீ ராடிகல் என்ற துகள்கள் அதிகமாகின்றன. அளவுக்கு மீறினால் அவை செல்லைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் "அடுப்பு பத்தலை, இன்னும் கட்டு" என்று செல்லுக்குச் சேதி சொல்வதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அந்தச் சேதி போனால்தான் மைட்டோகாண்ட்ரியா பெருகும், கொழுப்பை எரித்து நெடுநேரம் ஓட முடியும். தெருவில் கரண்ட் போனால் நாலு பேர் சத்தம் போடுவதால்தானே லைன்மேன் வருகிறார்? நான் மாத்திரை போட்டு அந்த நாலு பேர் வாயையும் பொத்தியிருக்கிறேன்.

டீச்சர் இரண்டு ஆராய்ச்சிகளையும் சொன்னார். 2008இல் வெளியான ஸ்பெயின் ஆராய்ச்சியில், பயிற்சி மட்டும் செய்த எலிகள் தாக்குப்பிடித்து ஓடும் நேரம் சுமார் 187 சதவீதம் கூடியது. பயிற்சியோடு வைட்டமின் சி-யும் நிறையத் தின்ற எலிகளுக்கு 27 சதவீதம்தான். நான் அந்த எலி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் 2014இல் நார்வேயில் 54 பேரை வைத்து 11 வாரம் நடத்தியது வேறு மாதிரி. பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, அதோடு வைட்டமின் இ. என் அளவும் அதே 1000தான்! மைட்டோகாண்ட்ரியா பெருகும் அடையாளம் மாத்திரை போடாதவர்களிடம்தான் கூடியது. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தபோது இரண்டு பிரிவும் ஒரே அளவுதான் முன்னேறியிருந்தது. அதனால் நான் குறுவட்டத்தில் நான்காவதாக வந்ததற்கு மாத்திரைமேல் பழி போட முடியாது. கடைசிச் சுற்றில் திரும்பிப் பார்த்ததுதான் காரணம் என்று பி.டி. சார் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்.

(கிரீன் டீ கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. 2008இல் இங்கிலாந்தில் 12 பேருக்கு கிரீன் டீ சாறு கொடுத்து அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க விட்டார்கள். கொழுப்பு 17 சதவீதம் கூடுதலாக எரிந்ததாம். கிராமில் கணக்குப் போட்டால் 2 கிராம்கூட வராது. ஒரு பஜ்ஜி எண்ணெய்க்குக் காணாது.)

நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்கும் உள்ளேதான். ஒரு பெரிய நெல்லிக்காய், ஒரு கொய்யா போதும். பழத்தால் பயிற்சி கெடும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டை விட்டு வெளியே வந்தாலே பாட்டி கூடையில் இருக்கிறது.

அடுத்த டெஸ்டில் அம்மாவுக்கு அதே 8. "மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க? வைட்டமின் சி தீர்ந்தாலும் இரும்பு மாத்திரையை விடக்கூடாது" என்று டாக்டர் சத்தம் போட்டார். அம்மா தலையைக் குனிந்து, "நான்தாங்க கணக்குத் தெரியாம தின்னுட்டேன்" என்றார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வீடு வரும்வரை பேச்சு வரவில்லை. மேட்டுக்குக் கீழே வந்ததும் சொல்லிவிட்டேன்.

அடிப்பாங்கன்னு நினைச்சேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா" என்றார்கள். அதற்கு அடியே பரவாயில்லை.

இப்போது மாத்திரையை நான்தான் எண்ணி எடுத்துக் கொடுக்கிறேன், சாயங்கால டீக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே. மூணு மாதமாச்சு. போன வாரம் டெஸ்டில் 10.4. தண்ணிக் குடத்தோடு மேடு ஏறும்போது அம்மா இப்போ ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறாங்க.

– 11ஆம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு