அப்பாவோடு நியூஃபவுண்ட்லாந்துக்கு

நான் வளர்ந்த வீட்டில் விடுமுறைப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போறதுதான். மொன்றியல் என்றால் மாமா வீடு. லண்டன் என்றால் சித்தி வீடு. பாரிசுக்குப் போன நேரம் லா சப்பலில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஈஃபில் கோபுரத்தைக் காருக்குள் இருந்தபடியே பார்த்தோம். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் இதே கதைதான் இருக்கும்.

எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, வருடத்துக்கு ஒரு பயணமாவது ஒருவர் வீட்டுக்கும் போகாத பயணமாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறவள். எதற்கும் ஒரு எக்செல் அட்டவணை போடாமல் எனக்கு நித்திரை வராது. போன கோடைக்கும் போட்டேன். ஆளுக்கொரு நிரல், ஆளுக்கு மூன்று ஆசை. ஒன்பது வயது மூத்தவள் திமிங்கிலம் என்றாள். ஆறு வயது சின்னவன் பஃபின் பறவை என்றான். அம்மா "குளிரில்லாத இடம்" என்றா. அப்பாவின் நிரல் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. "எங்கையெண்டாலும் சரி, பிள்ளை. நான் பாக்குகளைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

அதுதான் அப்பா. சின்ன வயசில் சென்டர் தீவுக்குப் போனாலும் சரி, நயாகராவில் படகு ஏறினாலும் சரி, அப்பா கரையில் மூட்டைகளுக்குக் காவல் இருப்பார். அவருக்கு அலுப்பு என்று நாங்கள் நினைத்தோம். ஒருவரும் கேட்கவில்லை.

திமிங்கிலமும் பஃபினும் ஒரே இடத்தில் என்று தேடினால் வந்து நிற்பது நியூஃபவுண்ட்லாந்துதான். ரொறொன்ரோவில் இருந்து சென்ட் ஜோன்சுக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். இறங்கியதும் மணிக்கூட்டை ஒன்றரை மணி நேரம் முன்னுக்குத் தள்ள வேண்டும். அந்த அரை மணிக் கணக்கு அப்பாவுக்கு நல்லாப் பிடித்துக்கொண்டது. கோடையில் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பழகினவர். இங்கே கோடையில் சரியாக எட்டு மணி நேரம். "இவங்களும் எங்களை மாதிரி அரை மணிக்காரர்" என்று விமான நிலையத்திலேயே அம்மாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நின்றார்.

முதல் இரண்டு நாளும் நகரம். சிக்னல் ஹில்லில் ஏறினோம். 1901இல் மார்க்கோனி அத்திலாந்திக் கடலைத் தாண்டி வந்த முதல் கம்பியில்லாச் சமிக்ஞையைக் கேட்ட இடம் அது. கேப் ஸ்பியருக்குப் போனோம்; கனடாவின் கிழக்கு எல்லை அங்கே முடிகிறது. காற்று அம்மாவின் சால்வையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு கடையில் உப்பு மீனில் செய்த கட்லட் மாதிரி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அப்பா, "இது எங்கட கருவாடுதான், வேற பேர் வைச்சிருக்கினம்" என்றார். அதன் பிறகு அவருக்கு அந்த ஊர் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் பே புல்ஸில் படகு. விற்லஸ் பே தீவுகளில் வட அமெரிக்காவிலேயே பெரிய பஃபின் கூட்டம் இருக்கிறது. ஆரஞ்சுச் சொண்டோடு, பறக்கத் தெரியாததுகள் மாதிரி செட்டையை அடித்துக்கொண்டு தலைக்கு மேலால் போகும். சின்னவன் எண்ணத் தொடங்கி நூற்றுக்குப் பிறகு விட்டுவிட்டான். திரும்பும் வழியில் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று படகுக்குப் பக்கத்தில் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தாண்டது. மூத்தவள் கத்தவில்லை, அழுதாள். கரைக்கு வந்தால் அப்பா ஐந்து பாக்குகளையும் சுற்றி அடுக்கிவிட்டு வாங்கிலில் இருக்கிறார்.

"அம்மப்பா, நீங்கள் ஏன் வரேல்லை?" என்று மூத்தவள் கேட்டாள்.

"பாக்குகளை ஆர் பாக்கிறது?"

நாலாம் நாளுக்கு நான் ஒரு இடத்தை வைத்திருந்தேன். அவலன் தீபகற்பத்தின் தெற்கு நுனியில் இருக்கும் சென்ட் ஷொட்ஸ். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, அந்தக் கரைக்கு அப்பால் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜேர்மனியில் இருந்து அவர்களை ஏற்றி வந்த கப்பல் கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டோல்டன் என்ற மீனவர்தான் முதலில் கண்டார். மற்றப் படகுகளையும் கூப்பிட்டு எல்லோரையும் காப்பாற்றினார்கள். ரொறொன்ரோவில் வளர்ந்த எனக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் வரைபடத்தில் அது எங்கே என்று அதுவரை தேடிப் பார்த்ததில்லை. மூத்தவளுக்கு வகுப்பில் "உங்கள் குடும்பம் கனடாவுக்கு எப்படி வந்தது" என்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு விமானம் கீறி, கீழே "1988" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சென்ட் ஜோன்ஸில் இருந்து கிட்டத்தட்ட இரண்டரை மணி நேர ஓட்டம். அப்பாவை முன்சீட்டில் இருத்தினோம். மரங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் பாசியும் கல்லும் குட்டைகளும்தான். ட்ரெபஸி தாண்டியதும் மூடுபனி. லப்ரடோரில் இருந்து வரும் குளிர் நீரோட்டமும் தெற்கில் இருந்து வரும் சூடான நீரோட்டமும் இந்தப் பக்கம் சந்திக்கிறபடியால்தான் இவ்வளவு பனி என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சென்ட் ஷொட்ஸில் சில வீடுகள், ஒரு ரோட்டு, பிறகு கடல். வேலிக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த ஒரு வயதானவரிடம் வழி கேட்டோம். எங்களைப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது போல. தூரிகையாலேயே பனிக்குள் ஒரு பக்கத்தைக் காட்டினார்.

கரையில் நின்று நான் பிள்ளைகளுக்குக் கதையைச் சொன்னேன். முதலில் தாங்கள் இந்தியாவில் இருந்து வந்ததாகத்தான் அவர்கள் சொன்னார்கள், ஜேர்மனி என்று பிறகுதான் தெரிய வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

"அப்ப பொய் சொன்னவையா?" என்றாள் மூத்தவள். பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் ஒவ்வொரு நாளும் சொல்லுகிறவள் நான். உடனே எனக்குப் பதில் வரவில்லை.

"திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம்" என்றார் அப்பா. "கப்பல்காரரும் சொல்லாதேங்கோ எண்டிருப்பாங்கள். பயத்தில நிக்கிறவன்ர வாயில எல்லாம் வரும், பிள்ளை."

பிறகு, கடலைப் பார்த்தபடியே, தானாகச் சொல்லத் தொடங்கினார். 1985இல் கொழும்பில் இருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லின். பிறகு ஜேர்மனியில் ஒரு அகதி முகாம், ஒரு அறையில் ஆறு பேர். கப்பல் ஒன்று போகுது என்று அடுத்த கட்டில்காரப் பெடியன் சொன்னான். இரண்டு பேருமாகப் போவம் என்றான்.

"காசில்லை எண்டுதான் அவனுக்குச் சொன்னனான். காசு இருந்தது. கடலுக்குப் பயம்."

நாங்கள் ஒருவரும் பேசவில்லை. அம்மாவும் அதை முதல் முறையாகத்தான் கேட்கிறா என்று அவவின் முகத்திலேயே தெரிந்தது.

"பிறகு செய்தியில காட்டினவங்கள். சின்னப் படகு, அதுக்குள்ள அவ்வளவு பேர். அண்டைக்கு நான் சாப்பிடேல்லை. அவன் உயிரோட இருக்கிறான் எண்டு தெரிய ஒரு மாதம் எடுத்தது."

"அவர் இப்ப எங்கே?"

"மொன்றியலில. கலியாணவீடுகளில காணுறனான். அவன் இப்பவும், 'உன்னட்டைக் காசு இருந்திருந்தா நீயும் வந்திருப்பாய்' எண்டு கவலைப்படுறவன்."

முப்பது சொச்ச வருடமாக அந்த ஒரு வசனத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். படகு ஏறாததற்கும் அதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சின்னவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அந்தப் படகில கொஞ்சம் பயமா இருந்தது" என்றான்.

திரும்பி வரும்போது மூத்தவள், இதையும் வகுப்பில் சொல்லலாமா என்று கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லு. அவன்ர பேரை மட்டும் சொல்லாதை" என்றார். ரொறொன்ரோ வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அறைக்கதவைச் சாத்திவிட்டு மொன்றியலுக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இந்த வருட அட்டவணையில் அப்பாவின் நிரலில் ஒரு வரி இருக்கிறது. மொன்றியல், அவரே எழுதியது. மறுபடியும் ஒருவர் வீட்டுக்குத்தான் போகப் போகிறோம்!

நீங்களும் போகிறதாக இருந்தால், எங்கள் அனுபவத்தில் சில விஷயங்கள்:

திமிங்கிலமும் பஃபினும் பார்க்க ஜூன் கடைசியில் இருந்து ஓகஸ்ட் வரை நல்லது. பனிப்பாறைகள் பார்க்க ஆசை என்றால் மே, ஜூன். வாடகைக் காரை விமானச் சீட்டு எடுக்கிற அன்றைக்கே பதிவு செய்யுங்கள். கோடையில் கிடைப்பது கஷ்டம். பொழுது படுகிற நேரம் நெடுஞ்சாலையில் ஓடாதீர்கள், மூஸ் மான் குறுக்கே வரும். தெற்குப் பக்கம் போகும்போது எண்ணெய்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள், வரைபடத்தைப் போனில் முதலே இறக்கி வையுங்கள். சில இடங்களில் சிக்னல் இல்லை. ஜூலையிலும் ஆளுக்கொரு தடித்த ஜக்கெற் வேண்டும். மரக்கறிச் சாப்பாடு நகரத்துக்கு வெளியே குறைவு. அம்மா கொண்டுவந்த சின்ன ரைஸ் குக்கரும் பருத்தித்துறை வடையும்தான் எங்களைக் காப்பாற்றின.

இன்னொன்று. பெரியவர்களை முன்சீட்டில் இருத்துங்கள். பின்சீட்டில் பிள்ளைகளின் ஐபாட் சத்தத்துக்குள் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீண்ட ரோட்டாக இருந்தால் இன்னும் நல்லது.