கிணற்றுக்குள் இன்ஜினை இறக்கும் முன்...

மேல்மலையனூர் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது அங்காளம்மனும் அமாவாசைக் கூட்டமும்தான். கோயில் தெருவைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் மல்லாட்டை, நெல், கரும்பு, கிணறு என்று வேறொரு மேல்மலையனூர். செஞ்சிக் கோட்டை நிற்பது போன்ற கெட்டிப் பாறையை உடைத்து வெட்டிய கிணறுகள். அகலமும் ஜாஸ்தி, ஆழமும் ஜாஸ்தி. மழைக்காலத்தில் மேலேயே தண்ணீர் நிற்கும். பங்குனி, சித்திரையில் எட்டிப் பார்த்துத் தேட வேண்டும்.

"விவசாயத்துக்குத்தான் இலவச கரண்ட் இருக்கே, பெட்ரோல் பம்பு எதுக்கு?" என்று கேட்கலாம். இணைப்பு கிடைத்தவர்களுக்கு இருக்கிறது. 2021-22இல் அரசு ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகளும், அதற்கடுத்து 50,000 இணைப்புகளும் கொடுத்தது என்றால், காத்திருந்த வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு இருந்தாலும் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்த மாதிரி நேரத்தில் வயலில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றவும் கையில் தூக்கிப் போகும் பம்புதான் உதவும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பம்பு தண்ணீரை "இழுக்கிறது" என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. டாரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயை வைத்துக் காட்டிய விஷயம் இது. காற்றால் தள்ள முடிந்த உயரம் ஏறக்குறைய 34 அடி. அதுவும் கணக்குக்குத்தான். குழாயில் உரசல், சின்னச் சின்னக் கசிவு எல்லாம் போக நடைமுறையில் 25 அடி. எத்தனை குதிரைத்திறன் இன்ஜின் வாங்கினாலும் இந்த 25 அடி மாறாது.

சித்திரையில் தண்ணீர் 40 அடிக்குப் போய்விடுகிறது. மல்லாட்டைக்கு இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாக்கி. போட்ட விதை, உரம், ஆள்கூலி எல்லாம் அந்த ஒரு தண்ணீரில் தொங்குகிறது. அப்போது தோன்றும் யோசனைதான் ஆபத்து: கயிறு கட்டி இன்ஜினையே கிணற்றுக்குள் இறக்கிவிடலாம்! உள்ளே ஒரு பாறைத் திட்டு இருக்கும், அதில் உட்கார வைத்தால் தண்ணீரும் நன்றாகவே வரும்.

கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைச்சுற்றல். வெயில்தான் காரணம், காலையில் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்து கை கால் துவண்டுவிடும். சமதரையிலாவது நாலடி நகரலாம், கிணற்றில் ஏணியோ கயிறோ பிடித்து ஏற வேண்டுமே!

கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் ஊர்ப்பக்கம் உண்டு. ஆக்சிஜன் குறைந்த கிணற்றுக்கு அது நல்ல பரீட்சை. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 16 வாக்கில் இறங்கினால் தீபம் அணைந்துவிடும். ஆனால் கார்பன் மோனாக்சைடு 0.12 சதவீதம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவில் ஆக்சிஜன் பெரிதாகக் குறையாது, தீபம் பாட்டுக்கு எரியும். ஆள் விழுந்துவிடுவார். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் விளக்கை இறக்குவது இன்னொரு வம்பு.

அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1996இல் சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதில் ஒரு சம்பவம். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், 59,000 கன அடி அறைக்குள், 8 குதிரைத்திறன் பெட்ரோல் பம்பை வைத்து ஒருவர் வேலை செய்திருக்கிறார். பக்கத்துக் கதவுகள் திறந்தே இருந்தன. அப்படியும் வெளியே வரப் பார்க்கும்போது மயங்கி விழுந்தார். இப்போது கணக்குப் போடுங்கள்: 20 அடி விட்டம், 40 அடி ஆழம் உள்ள கிணறு 12,500 கன அடி சொச்சம்தான். அந்த அறையில் கால் பங்குகூட வராது. கதவு மேலே ஒன்றே ஒன்று.

"ஏம்பா, எங்க காலத்துல ஆயில் இன்ஜின் கெணத்துக்குள்ளதான் ஓடுச்சு, ஒண்ணும் ஆவலியே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்த்ததில் பெரும்பாலும் டீசல் இன்ஜின். டீசல் புகையில் இந்த வாயு பெட்ரோல் புகையைவிடப் பல மடங்கு குறைவு. (அதற்காக டீசலை இறக்கலாம் என்று அர்த்தமில்லை.)

யாராவது உள்ளே மயங்கிவிட்டால் காப்பாற்ற அடுத்தவர் இறங்கக் கூடாது. அண்ணன் விழுந்தால் தம்பி பாய்வது இயல்புதான், ஆனால் அங்கேதான் ஒன்று இரண்டாகிறது. 108, 101 இரண்டுக்கும் போன் போட வேண்டும். இன்ஜின் கரையிலேயே ஓடினாலும், உள்ளே ஆள் தூர் வாரும்போது சைலன்சர் கிணற்றுப் பக்கம் பார்க்கக் கூடாது. ஆள் ஏறிய பிறகு ஓட்டுவதே நல்லது.

அப்புறம் 40 அடித் தண்ணீரை எப்படித்தான் எடுப்பது? கீழே இருந்து தள்ளும் வகை வேண்டும். மேலே ஜெனரேட்டர், உள்ளே நீர்மூழ்கி மோட்டார் என்பது ஒரு வழி. ஜெட் பம்பு இன்னொன்று. 2019இல் வந்த பிஎம் குசும் திட்டத்தின் மானியத்தில் சோலார் பம்பு மூன்றாவது. எல்லாமே செலவுதான். ஒரு மகசூல் போனாலும் அடுத்த வருஷம் விதைக்கலாம் என்ற கணக்கையும் கூடவே எழுதிப் பார்க்க வேண்டும்.

மற்ற பராமரிப்பு எல்லாம் மேனுவலிலேயே இருக்கும். பெட்ரோல் ஊற்றும் முன் இன்ஜினை நிறுத்தி ஆற விடுவது, ஓட்டும் முன் சமதரையில் வைத்து ஆயில் பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அதனால் சீசன் முடிந்ததும் டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் காலி செய்துவிட வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் சோம்பல் கூடாது, அது சக்‌ஷன் பக்கம். பம்பின் வயிற்றில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் சீல் கருகும். சீல் போனாலோ, குழாயில் முடியளவு விரிசல் விட்டாலோ, ஃபுட் வால்வில் பாசி அடைத்தாலோ 25 அடி எடுத்த பம்பு 15 அடிக்கே திணறும். "ஏர் புடிக்குது, தண்ணி ஏறல" என்பார்கள். தண்ணீர் 20 அடியில்தான் நிற்கும், இவர்கள் இன்ஜினை இறக்கக் கயிறு தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்னால் கப்ளிங்கைக் கழற்றி ரப்பர் வாஷரை ஒருமுறை பாருங்கள். காய்ந்து வெடித்திருக்கும்.