நர்சம்மா சொன்ன நாலு விஷயம்

எங்க ஊர் சிங்கவரம், செஞ்சிக்குப் பக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மலையில் குடைந்த ரங்கநாதரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் எழுத வந்தது கோயிலைப் பற்றி இல்லை, தடுப்பூசியைப் பற்றி.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் இதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் போட்டுக்கொண்டு வந்தார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. (2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் இதை ஆரம்பித்தது தமிழ்நாடும் கேரளாவும்தான்.) அன்று ராத்திரி குழந்தைக்கு ஜுரம், தொடையில் வீக்கம், ஓயாத அழுகை. ஆயா ஆரம்பித்துவிட்டார். எங்க பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன்டி, நல்லா இருந்த புள்ளைக்கு ஊசியப் போட்டு ஜொரத்த வரவச்சிட்டு வந்து நிக்கிறியே!"

அக்கா அசரவே இல்லை. "ஜொரம் வரும்னு நர்சம்மா சொன்னாங்க ஆயா. மருந்து குடுத்திருக்காங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அதே மாதிரி சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நர்சம்மா சொல்லாமல் விட்டிருந்தால்? ஆயா பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும். பத்தாவது வார ஊசி அதோடு நின்றிருக்கும்!

ஊசி போடுகிறவர்கள் தாயிடம் நாலு விஷயம் சொல்ல வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்களாம். இன்றைக்குப் போட்டது என்ன ஊசி, எதைத் தடுக்கும். அடுத்து எப்போது வர வேண்டும். என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அட்டையைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டு வர வேண்டும். எனக்கு என்னமோ மூன்றாவதுதான் உயிர் என்று தோன்றுகிறது. பிறந்ததும் இடது தோளில் போடும் பிசிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து அங்கே கட்டி மாதிரி வந்து, புண்ணாகி, ஆறித் தழும்பாகும். முன்னாலேயே தெரிந்த தாய்க்கு அது சாதாரணம். தெரியாதவளுக்கு ஊசி 'சீழ் பிடித்துவிட்டது'.

பெரிய அளவில் என்ன ஆகும் என்பதற்கு 2008 இருக்கிறது. அந்த வருஷம் ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நாலு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அதற்கப்புறம் கிராமத்திலேயே ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். அக்கறையோடு எடுத்த முடிவுதான். ஆனால் தாய்மார்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? டாக்டர் பக்கத்தில் இல்லாமல் போடக்கூடாத ஊசி என்றுதானே! போதாததற்கு பஸ் செலவு, ஒரு நாள் கூலி வேறு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06ல் 80.9 சதவீதம். 2015-16ல் 69.7. இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இதற்குப் பங்கே இல்லை என்றும் நம்ப முடியவில்லை. 2019-21ல் 89.2க்கு ஏறிவிட்டது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோது நான் ஏழாவது படித்தேன். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து 15 வயது வரை எல்லோருக்கும் ஊசி. பள்ளிக்கூடத்துச் சீட்டு வீட்டுக்கு வருவதற்குள் வாட்ஸப் வந்துவிட்டது. யாரோ அனுப்பிய குரல், யாரோ சொன்ன பயம்... எங்க வகுப்பில் அன்றைக்குப் பாதிப் பேர் லீவு. மாத முடிவில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கு நீட்டித்தார்கள். வதந்தி பரப்பியவர்களை எல்லோரும் திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். ஆனால் தாய்மார்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து யாராவது பேசியிருந்தால் அந்தக் குரலுக்கு அவ்வளவு மவுசு இருந்திருக்காது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நர்சம்மா பேசுவது தாயிடம். ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது பல வீடுகளில் வேறு ஆள். எங்க வீட்டில் ஆயாவை அக்கா சமாளித்துவிட்டாள், பிறந்த வீடு என்பதால் எதிர்த்துப் பேச முடிந்தது. ஐந்தாம் மாசம் குழந்தையோடு திண்டிவனத்துக்கு, புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் மாச ஊசி அங்கேதான். அட்டையைப் பையில் முதலாவதாக எடுத்து வைத்தாள். அந்த நாலு விஷயத்தையும் அவள் மாமியாரிடம் யார் சொல்வார்கள் என்றுதான் தெரியவில்லை.