அலறலும் பாட்டும்

இசை என்றாலே இனிமை என்பர் நம்மவர். அலறலுக்குள்ளும் இசை உண்டு என்று எனக்கு உணர்த்தியது ஓர் அமெரிக்க இசைத்தட்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் ‘கில்சுவிட்ச் என்கேஜ்’ குழுவினர் 2002-இல் வெளியிட்ட ‘அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்’ என்பதே அது.

ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசமும் ஹெவி மெட்டலின் கிட்டார் நுணுக்கமும் கலந்து பிறந்தது மெட்டல்கோர். இத்தட்டில் நான் வியந்தது யாது? சரணத்தில் அலறும் குரலே பல்லவியில் கனிந்து பாடுகிறது. அலறலில் வேதனை, பாட்டில் நம்பிக்கை! இம்முறையைக் கையாண்டவர்களில் இவர்களே முதல்வர் அல்லர். எனினும் அதைப் பரவச் செய்ததில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்வந்த குழுக்கள் பலவும் இவ்வழியிலேயே நடந்தன.

ஆனால், பிறருக்கு நம்பிக்கை பாடிய ஜெஸ்ஸி லீச்சையே மனச்சோர்வு வாட்டியது. புகழ் வரத் தொடங்கிய அதே ஆண்டில் அவர் குழுவை விட்டு விலகினார். ஹவார்ட் ஜோன்ஸ் அவ்விடத்தை ஏற்றார். குழு மேலும் வளர்ந்தது. 2012-இல் லீச் மீண்டு வந்தார்.

இதை அறிந்தபின் அந்த அலறல் எனக்கு வெறும் ஓசையாகப் படவில்லை. நண்பர்களே, நம்மிடையே சிரித்துப் பேசுவோருள்ளும் அலற முடியாமல் தவிப்பவர் இருக்கலாம். அவர்களுக்குச் சற்றே செவிசாய்ப்போமா?