கோட்டுச்சேரி வரைக்கும்

என் அண்ணன் பேத்திக்கு இருபத்து நான்கு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பிரான்சில், தூலோன் நகரத்தில். போன பொங்கலுக்குத் தன் தம்பியோடு புதுச்சேரி வந்தவள் மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதே, "சின்ன தாத்தா, நீங்க எனக்கு ஜோடியா ஓடணும்" என்றாள். எனக்கு எழுபத்தாறு வயது. மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடி வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 'பெக்கின் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு பந்தயம் உண்டு. 2006-ல் எம்6 சேனலில் தொடங்கியது. முதல் பந்தயம் மாஸ்கோவிலிருந்து பீஜிங் வரை. இரண்டிரண்டு பேராக ஓட வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூரோதான் காசு. வழியில் போகிற வண்டியை மறித்துக் கெஞ்சி ஏறிக்கொள்ள வேண்டும். ராத்திரி எவர் வீட்டுக் கதவையாவது தட்டி இடம் கேட்டுப் படுக்க வேண்டும். நானும் யூடியூபில் பார்த்திருக்கிறேன். சுகமாக வாழ்கிறவர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காத கஷ்டத்தைத் தேடிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மாதிரி ஒரு நிகழ்ச்சிக்கு இவள் விண்ணப்பம் போட இருந்தாள். அதற்கு ஒத்திகையாக, புதுச்சேரி மரப்பாலத்திலிருந்து காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரி வரை. அது எங்கள் பூர்வீக ஊர். நானும் அவளும் ஒரு கட்சி. அவள் தம்பியும் என் மைத்துனரும் இன்னொரு கட்சி. மைத்துனர் ரிட்டையர்டு கண்டக்டர். ஆளுக்கு நூறு ரூபாய். பேச வேண்டியது பிள்ளைகள்தான், பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

கோட்டுச்சேரி என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மரப்பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு வாக்கியத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்: "ஐயா, எங்களிடம் காசு இல்லை, கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டு போவீர்களா?" ரகரம் தொண்டையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரப் பெண் இப்படிக் கேட்டிருந்தால் நாலு வண்டி நின்றிருக்கும், செல்ஃபியும் எடுத்திருப்பார்கள். இவள் முகமோ எங்கள் அம்மாவின் முகம். அசல் காரைக்கால் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு தமிழைக் கடித்துத் துப்பினால் யார் நம்புவார்கள்? ஒரு மினி லாரிக்காரர், "ஏம்மா, நல்ல வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்க, வீட்ல சண்டையா?" என்று கேட்டுவிட்டு என்னை முறைத்துப் பார்த்தார். அவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "நான் இங்கே அந்நியளாகக்கூட இருக்க முடியாதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் சட்டப்படி வாய் திறக்கவில்லை.

கடலூர் வரை ஒரு பால் வண்டி. அங்கிருந்து சிதம்பரத்துக்கு ஒரு கல்யாண வேன். இறங்கும்போது இரண்டு தாம்பூலப் பையும் கொடுத்தார்கள். சம்பா அறுவடைக் காலம். சிதம்பரம் புறவழிச் சாலையில் நெல் அறுக்கும் மெஷினை ஏற்றிக்கொண்டு போன லாரி நின்றது. கொள்ளிடம் பாலத்தில் அவள் தலையை வெளியே நீட்டியபடி வந்தாள். டிரைவர் ஊர் பேர் கேட்டார், அப்பா பேர் கேட்டார், தாத்தா பேர் கேட்டார், கல்யாணம் ஆயிற்றா என்றார். தொலைக்காட்சியில் வருகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. சீர்காழியிலிருந்து திருக்கடையூருக்கு, அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தின் கார். "ஐயாவுக்கு எப்போ சதாபிஷேகம்?" என்று கேட்டார்கள். நாலு வருஷம் இருக்கிறது என்று விரலைக் காட்டினேன்.

தரங்கம்பாடி தாண்டி, இளநீர் ஏற்றிய ஒரு டாட்டா ஏஸ். நண்டலாறு பாலம் வந்ததும், "இங்கேதான் எல்லை" என்று சட்டத்தை மீறிச் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்துக்கு எல்லை என்பது சாதாரண வார்த்தை இல்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் பதின்மூன்று வயதுப் பையன், அப்பாவோடு இந்தியன் ஆனேன். அண்ணனுக்கு இருபத்திரண்டு. எழுதிக் கொடுத்தார், சொல்தா ஆகிக் கப்பலேறினார். நான் பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நோட் போடும் குமாஸ்தா ஆனேன்.

இனி வயிற்றைக் கலக்கியதைச் சொல்கிறேன்.

அம்மா 1990-ல் காலமானார். கோட்டுச்சேரி வீடு பூட்டிக் கிடந்தது. வரி கட்ட, ஓடு மாற்ற என்று அண்ணன் எனக்குப் பவர் எழுதி அனுப்பியிருந்தார். விற்கவும் அதில் அதிகாரம் இருந்தது. ஆனால் கடிதத்தில், "வீட்டை மட்டும் விற்காதே, ஓய்வு பெற்றதும் அங்கே வந்துதான் உட்காரப் போகிறேன்" என்று எழுதியிருந்தார். 1991-ல் என் மூத்த மகள் கல்யாணம். விற்றுவிட்டேன். அவர் பாதியை அவர் பெயரில் வங்கியில் போட்டேன். இன்றுவரை அவர் அதைத் தொடவில்லை; பாஸ் புத்தகம் என் பீரோவில்தான் இருக்கிறது. பத்து வருஷம் கடிதம் இல்லை. பிறகு பேசினார், வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. அவர் மகன் ஒருமுறை வந்து வீட்டைப் பார்க்கணும் என்றபோது, இடிந்து போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். பேத்திக்கும் அதுதான் தெரியும்.

சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கோட்டுச்சேரியில் இறங்கினோம். மைத்துனர் கட்சி இரண்டு மணி நேரம் முன்பே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. வழிநெடுக இவருக்குத் தெரிந்த பஸ்காரர்கள். "காசு கொடுக்கலையே, அப்புறம் என்ன?" என்று வாதாடினார். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயிப்பது யார் என்பது தங்க இடம் பிடிப்பதில் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

எங்கள் தெருவில் எல்லா வீடும் மாறி, கிரில் கதவும் மொசைக்கும் வந்துவிட்டன. திண்ணை மிச்சமிருந்த வீடு ஒன்றுதான். அவள் நேரே அங்கே போய் நின்றாள். நான் நான்கு வீடு தள்ளி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தது வீட்டை வாங்கியவரின் மனைவி. எண்பது வயது இருக்கும். இவள் ஒப்பிப்பதைப் பாதி கேட்டார், இவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

"நீங்க சின்னவரு இல்ல? பத்திரம் முடிச்ச அன்னிக்கு இந்தத் திண்ணையில உக்காந்து அழுதீங்களே!"

"அவங்க என்ன சொல்றாங்க?" என்றாள் பேத்தி.

"தங்கலாமாம்" என்றேன்.

அந்த அம்மா தோசை வார்த்தார். பாய் போட்டுக் கொடுத்தார். தோற்ற கட்சி என்றாலும் மைத்துனருக்கும் பையனுக்கும் கூடத்தில் இடம் கிடைத்தது. ராத்திரி திண்ணையில் அவளிடம் சொன்னேன். பவர், கடிதம், பாஸ் புத்தகம், இடிந்து போனதாகச் சொன்ன பொய் எல்லாம். பிரெஞ்சில்தான் சொன்னேன். தமிழில் என்றால் தொண்டை அடைத்திருக்கும். பிரெஞ்சு எனக்கு வாத்தியார் முன்னால் கைகட்டி நின்று தப்பை ஒப்புக்கொண்ட மொழி.

அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "தாத்தாவுக்கு இன்னும் கோபம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். ரொம்ப நேரம் திண்ணைத் தூணைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணி, தூலோனில் ஆறரை. அண்ணன் சீக்கிரம் எழுகிறவர். என்னைக் கேட்காமலே வீடியோ அழைப்புப் போட்டு, செல்போனைத் திருப்பி முற்றத்தைக் காட்டினாள். நடை, கூடம், கொல்லைக் கதவு. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை, சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் அண்ணன் குரல், தமிழில்.

"கொல்லைக்குப் போ. நார்த்தை மரம் இருக்கான்னு பாரு. தம்பி அங்க நிக்கிறானா? அவன்கிட்ட போனைக் கொடு."