ஜூம் பண்ணினேன், கீழ்ப்படம் நகரவேயில்லை

எங்கள் கிளை ஏ.டி.எம்.முக்கு எந்த நாளைக்கு எவ்வளவு பணம் நிரப்பணும் என்று சொல்லும் பொறுப்பு மூணு வருஷமாக என் தலையில். அதிகமாக வைத்தால் பணம் வட்டியில்லாமல் பெட்டிக்குள் தூங்கும். குறைத்து வைத்தால் மெஷின் காலி. மாசத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் காலியாகக் கிடந்தால் மெஷினுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி வேறு கொண்டுவந்தது.

பி.காம் படித்த நமக்கு கண்மதிப்புதான் கணக்கு. என்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிற பொண்ணு சும்மா இருப்பாளா? "அப்பா, ஒரு வருஷத்து தினசரி மொத்தம் மட்டும் குடுங்க" என்று வாங்கி, பைத்தானில் ரெண்டு படம் போட்டுக் கொடுத்தாள். மேலே தினசரி எடுத்த தொகை. கீழே எந்தெந்தத் தாளத்தில் அது ஏறி இறங்குகிறது என்கிற படம். எஃப்.எஃப்.டி. என்று பேர். கூலி, டூக்கி என்ற ரெண்டு பேர் 1965-ல் வெளியிட்ட குறுக்குவழியாம். கீழ்ப்படத்தில் ரெண்டு குன்று. ஒன்று 7 நாளில், வாரக் கடைசி. இன்னொன்று சுமார் 30 நாளில், சம்பளம். எனக்கு ஒரே பெருமை, ஆபீசில் எல்லாரிடமும் காட்டினேன் :-)

போன தீபாவளிக்கு முன்னால், அதற்கு முந்தைய தீபாவளி எப்படி இருந்தது என்று பார்க்க மேல்படத்தில் அந்த மூணு வாரத்தை மட்டும் ஜூம் பண்ணினேன். கீழே 7 நாள் குன்று அப்படியே நிமிர்ந்து நின்றது. சரி, பண்டிகையிலும் வாரத் தாளம்தான் என்று நம்பி, வழக்கமான அளவோடு கொஞ்சம் கூட்டி எழுதி அனுப்பினேன்.

இங்கே வடக்கில் தீபாவளிக்கு முன்னால் தன்தேரஸ். ஊரே நகைக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நிற்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மெஷின் காலி. பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன், பீகார்க்காரர், சட் பூஜைக்கு ஊருக்குக் கிளம்பியவர், தோளில் பையோடு நிற்கிறார். பத்து மணிக்கு ரயில். "சாப், பைசா நஹீ ஹை?" என்றார். என் கணக்கால் வந்த வினை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பர்ஸில் இருந்த 3,000 ரூபாயைக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து பொண்ணிடம் குதித்தேன். படத்தைப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்பா, கீழ இருக்கறது இன்னும் முழு வருஷத்துக்கான படம். நீங்க ஜூம் பண்ணது அதுக்குத் தெரியவே தெரியாது." மேல்படத்தின் எல்லை மாறும்போதெல்லாம் கூப்பிடு என்று ஒரு ஃபங்ஷன் எழுதணுமாம். அது கண்ணில் தெரியும் நாட்களை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி கணக்குப் போடணும்.

எழுதினாள். இடது ஓரத்தில் ஒரே ஒரு தூண், மற்றதெல்லாம் எறும்பு சைஸ். முதலில் கழிக்க வேண்டிய சராசரியை அவள் முழு வருஷத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தாள். தீபாவளி வாரங்களின் சராசரி அதைவிட ரொம்ப உசரம், மிச்சமெல்லாம் போய்த் தூணாக நின்றுவிட்டது. வெட்டிய துண்டின் சராசரியையே கழித்ததும் படம் தெளிந்தது. 7 நாள் குன்று படுத்துவிட்டது! தன்தேரஸை நோக்கி ஒரே ஏற்றம், அப்புறம் சரிவு, அவ்வளவுதான். போன வருஷமே இதைப் பார்த்திருந்தால் அந்த மனுஷன் நின்றிருக்க மாட்டார்.

ஆனால் 30 நாள் குன்றையும் காணோம். "சம்பளம் எங்கேடி போச்சு?" என்றேன். "அப்பா, எட்டு அட்சர ஆதி தாளத்துல அஞ்சு அட்சரம் மட்டும் கேட்டுட்டு என்ன தாளம்னு சொல்வீங்களா?" சின்ன வயசில் மிருதங்கம் கற்ற புண்ணியம், பதில் வைத்திருக்கிறாள். 21 நாள் ஜன்னலில் 30 நாள் சுற்று முழுசாக ஒருதரம்கூட அடங்காது. ஜன்னல் குறுகக் குறுகப் பக்கத்துப் பக்கத்துத் தாளங்களைப் பிரித்துப் பார்க்கவும் முடியாதாம். புள்ளிகளுக்கு நடுவே சுழியம் போட்டு நிரப்பலாமா என்று நான் மேதாவித்தனமாகக் கேட்டேன். கடைசியில் சேர்த்தால் கோடு வழவழப்பாகும், புது விவரம் வராது என்றாள். நடுவில் சேர்த்தால் கெட்டதாம்.

கடைசியில் நான் கேட்டபடி மாற்றிக் கொடுத்தாள். முழு வருஷப் படம் வெளிறிய சாம்பல் நிறத்தில் பின்னால் அப்படியே நிற்கும், ஜூம் பண்ணிய துண்டின் படம் அதன்மேல் நீலத்தில். ஓரத்தில் எத்தனை நாள் ஜன்னல் என்று எண். இது எனக்குத் தோன்றிய யோசனை, பதிவு செய்துகொள்கிறேன்.

வாட்ச்மேன் சட் முடிந்து வந்ததும் 3,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார், கூடவே ஒரு டப்பா தேக்குவா. பொண்ணு பாதியைக் காலி பண்ணிவிட்டாள். இந்தத் தன்தேரஸுக்கு அனுப்பவேண்டிய கடிதம் மேஜைமேல் கிடக்கிறது. மேலதிகாரி "இவ்வளவா?" என்று கேட்பார். நீலக்கோட்டை பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறேன்.