மாண்ட்ரியால் மாநகரின் பொது மிதிவண்டி

கனடா நாட்டின் கிழக்குப் பகுதியில், புனித லாரன்சின் பெயர் தாங்கிய பேராற்றின் நடுவே ஒரு தீவாகக் கிடக்கிறது மாண்ட்ரியால் மாநகர். 1642-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் அதற்கு இட்ட முதற்பெயர் 'மரியாவின் ஊர்' என்பதாகும். ஊரின் நடுவே 233 மீட்டர் உயரமுள்ள ராயல் குன்று நிற்கிறது. குன்றின் ஒரு சரிவில் புனித சூசையப்பரின் பேராலயம். அதன் 283 படிகளுள் 99 மரப்படிகள் முழந்தாளிட்டு ஏறுவோருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அத்திருத்தலத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும். இப்போது நாம் சொல்ல வந்தது, அந்தக் குன்றின் சரிவுகளில் ஏறியும் இறங்கியும் ஓடுகின்ற பொது மிதிவண்டிகளைப் பற்றியே.

நகரின் எந்தப் பெருந்தெருவில் நடந்தாலும் நாலைந்து வீதிகளுக்கு ஒரு முறை அவை கண்ணில் படுகின்றன. சாலையோரத்தில், முன்பு மோட்டார்கார்கள் நிறுத்தப்பட்ட இடத்தில், இரும்புத் தட்டுகள் பதித்தாற்போல் வரிசையாகக் கிடக்கும். தட்டுகளின்மேல் பூட்டுக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் முன்சக்கரத்தைக் கொடுத்தபடி ஒரு சைக்கிள். ஓர் ஓரத்தில் பணம் செலுத்தும் பெட்டி. அதன் உச்சியில் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடு. இதற்கென்று சாலையை வெட்டுவதுமில்லை, மின்கம்பி இழுப்பதுமில்லை. லாரியில் கொண்டுவந்து இறக்கி வைத்தால் நிலையம் தயார். வேண்டாதபோது அப்படியே தூக்கிச் சென்றுவிடலாம். இந்த எளிய ஏற்பாடே பின்னர் உலகின் பல நகரங்களைக் கவர்ந்திழுத்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இதனைப் 'பிக்சி' என்று அழைக்கிறார்கள். பைசிக்கிள் என்னும் சொல்லின் தலையையும் டாக்சி என்னும் சொல்லின் வாலையும் ஒட்டவைத்த பெயர் அது. வண்டியை வடிவமைத்தவர் மிஷேல் தலேர் என்னும் கலைஞர். 1976-இல் அந்நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளின் தீப்பந்தத்தை உருவாக்கியவரும் அவரே. எறிந்தவனிடமே திரும்பி வரும் பூமராங் போல் வளைந்த சட்டம், சங்கிலி வெளியே தெரியாதபடி மூடிய உறை, மூன்று வேகப் பற்சக்கரங்கள், சக்கரம் சுழல்கையில் தானே எரியும் விளக்கு, முன்னால் ஒரு பையை வைத்துக் கட்டிக்கொள்ளும் தாங்கி. நாம் ஓட்டிப் பார்த்தோம். வண்டி கனமானது, நம்மூர்ப் பால்காரரின் பழைய சைக்கிளை நினைவூட்டுவது. அழகுக்காகச் செய்ததன்று, அடிபட்டாலும் தாங்குவதற்காகச் செய்தது. ஆண்டுச் சந்தா கட்டியவர் ஒரு நிலையத்தில் எடுத்து, 45 நிமிடங்களுக்குள் வேறெந்த நிலையத்திலும் பூட்டிவிட்டால், அந்தப் பயணத்திற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நேரம் கடந்தால் கட்டணம் ஏறும். வண்டி ஒருவரிடமே தங்கிவிடாமல் கைமாறிக்கொண்டே இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மிதிவண்டி அந்நகரில் எளிதாக இடம்பிடித்துவிடவில்லை. 1975-இல் ராபர்ட் சில்வர்மேன், கிளேர் மொரிசெட் முதலானோர் 'மிதிவண்டியில் உலகம்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தை நடத்தத் தொடங்கினர். சுரங்க ரயிலில் சைக்கிளை ஏற்றக் கூடாது என்று தடை இருந்த காலம் அது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஏணியையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினார்கள். இவற்றுக்கெல்லாம் இடமிருக்கையில் சைக்கிளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். ஆற்றைக் கடக்கப் பாலங்களில் மிதிவண்டிக்கு வழியில்லை என்பதை உணர்த்த, சில்வர்மேன் மோயீசனைப் போல் அங்கி தரித்துக் கரையில் நின்று, பேராற்றைப் பிரிந்து வழிவிடுமாறு கட்டளையிட்டார்! ஆறு பிரியவில்லை. ஆயினும் நாளடைவில் பாலங்களில் வழி பிறந்தது. ரயில் கதவும் திறந்தது. மொரிசெட் அம்மையார் 2007-இல் காலமானார். நகரின் நடுவே மெசோன்னவ் பெருவீதியில் செல்லும் மிதிவண்டிப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்கள் முன்னமே நிலத்தை உழுது வைத்திருந்ததனால்தான் பின்வந்த விதை முளைத்தது.

2009 மே மாதத்தில் 3,000 வண்டிகளோடும் 300 நிலையங்களோடும் பிக்சி தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் 5,000 வண்டிகளாகப் பெருகிற்று. நகரத்தின் வாகன நிறுத்தங்களைக் கவனித்துவந்த அமைப்பே இதற்கெனத் தனிக் கழகம் ஒன்றை நிறுவியது. வண்டிகள் அம்மாநிலத்திலேயே சகனே என்னும் ஊரின் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டே லண்டன் மாநகர் இதே வண்டிகளை வாங்கிற்று. வாஷிங்டன், பாஸ்டன், டொராண்டோ, மெல்பர்ன் எனப் பட்டியல் நீண்டது. 2013-இல் நியூயார்க்கும் சிகாகோவும் சேர்ந்தன. (இவற்றுள் மெல்பர்ன் நகரின் திட்டம் 2019-இல் மூடப்பட்டது. தலைக்கவசமின்றி ஓட்டக் கூடாதென்று அங்கே சட்டம். தெருவில் நினைத்தவுடன் சைக்கிள் எடுப்பவர் கையில் கவசத்தோடா திரிவார்?)

வெளியில் இத்தனை புகழ் வளர்ந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் கடன் வளர்ந்தது. 2011-இல் நகர மன்றம் 10 கோடியே 80 லட்சம் டாலருக்கு உதவி ஏற்பாட்டை நிறைவேற்ற நேர்ந்தது: 3 கோடியே 70 லட்சம் நேர்க்கடன், எஞ்சிய 7 கோடியே 10 லட்சத்திற்கு நகரமே பிணை. அதே ஆண்டில் நகரத்தின் தலைமைத் தணிக்கையாளர், போதிய திட்ட ஆய்வின்றி இவ்வளவு பெரிய முயற்சியில் இறங்கியதைக் கடுமையாகக் குறை கூறினார். ஒரு நகராட்சி தன் மக்களுக்குச் சைக்கிள் தருவது சரி. அயல்நாட்டு நகரங்களுக்குச் சைக்கிள் விற்கும் வணிகத்தில் வரிப்பணத்தை வைத்து இறங்கலாமா? மாநில அரசும் அவ்வணிகத்தை விற்றுவிடும்படி வற்புறுத்தியது. அந்நாளில் கணக்குக் கேட்டவர்களைச் சைக்கிளுக்குப் பகைவர் என்று சிலர் தூற்றினர். நம் கருத்தில், கேட்டவர்கள் கேட்டது நியாயமே.

அச்சம் மெய்யாயிற்று. மென்பொருள் உரிய காலத்தில் வரவில்லையென்று நியூயார்க், சிகாகோ ஆகிய நகரங்களிலிருந்து வரவேண்டிய 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை நிறுத்திவைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் கழகம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. நகரத்திற்கு மட்டும் அது 3 கோடி டாலருக்கு மேல் தரவேண்டியிருந்தது. சுமந்தவர்கள் யார்? சைக்கிளில் ஒரு நாளும் ஏறாத முதியவரும், வீட்டு வரி கட்டும் விதவையுங்கூடத்தான்.

அந்த ஆண்டு மாநகர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. பட்டதுபோதும் என்று 5,000 வண்டிகளையும் காயலான் கடைக்கு அனுப்பலாம். அல்லது அயல்நாட்டு வணிகத்தை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளூர்ச் சேவையை மட்டும் காப்பாற்றலாம். இரண்டாவது வழியே தேர்ந்துகொள்ளப்பட்டது. அயல்நாட்டு வணிகம் தனியாருக்கு விற்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளையும் நிலையங்களையும் நகரமே வாங்கி, இலாப நோக்கமற்ற புதிய அமைப்பிடம் ஒப்படைத்தது. சந்தாவும் கட்டணமும் விளம்பரமும் போகப் பற்றாக்குறையை நகரம் ஆண்டுதோறும் தன் நிதியிலிருந்து வெளிப்படையாகக் கொடுப்பது என்று ஆயிற்று. இதுவே நேர்மையான ஏற்பாடு என்று நமக்குப் படுகிறது. பேருந்தும் சுரங்க ரயிலும் இலாபம் தரவில்லையென்று எந்த ஊரும் அவற்றை மூடுவதில்லை. சைக்கிள் மட்டும் தன் செலவைத் தானே சம்பாதித்து, அதற்கு மேல் அயல்நாட்டிலும் பொருளீட்டி வரவேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் முதலில் நேர்ந்த கோளாறு.

நாம் தங்கியிருந்தது பார்க் எக்ஸ்டென்ஷன் என்னும் பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய ஓர் அன்பரின் இல்லத்தில். தமிழரும் பஞ்சாபியரும் கிரேக்கரும் நெருங்கி வாழும் இடம் அது. நகர் நடுவில் ஓர் உணவகத்தில் அவருக்கு வேலை. கடை மூடிப் பாத்திரம் கழுவி வெளியே வருகையில் நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகிவிடும். "அந்த நேரத்துக்கு மெட்ரோ நிண்டுபோம் ஐயா. டாக்சியிலை வந்தால் அண்டைய சம்பளத்திலை பாதி போயிடும். எனக்கு இதுதான் கார்," என்றார். வரிப்பணம் விரயமான கதையை நாம் எடுத்தபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்கடை ஊரிலை பொருளாதாரத் தடை இருந்த காலத்திலை பெற்றோல் இல்லை. அரிசி, விறகு, வருத்தக்காரர் எல்லாம் சைக்கிளிலைதான் போனது. சைக்கிள் இல்லாத வீட்டுக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஐயா," என்றார். அதற்கு மேல் நாம் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

தொடக்கத்தில் நிலையங்கள் நெருக்கமாக அமைந்தது நகர் நடுவிலும், படித்தவரும் கலைஞரும் மிகுந்த பிளாட்டோ பகுதியிலும்தான். ஏழைகள் வாழும் புறப்பகுதிகளுக்கு வண்டி மெதுவாகவே வந்து சேர்ந்தது. 2017 முதல் 2025 வரை மேயராக இருந்த வலரி பிளாண்ட் அம்மையாரின் காலத்தில் விரிவு வேகங்கொண்டது. 2019-இல் மின்விசையால் ஓடும் வண்டிகள் சோதனையாக வந்தன. 2024-இல் மொத்த வண்டிகள் 11,000-ஐத் தாண்டின. அவற்றுள் ஏறத்தாழ 2,600 மின்வண்டிகள். நிலையங்கள் ஏறக்குறைய 900. பேராற்றின் அக்கரையிலும் வடக்கே லாவால் நகரிலுங்கூட அவை உள்ளன. 2019-இல் 58 லட்சமாக இருந்த ஆண்டுப் பயணங்கள் 2024-இல் 1 கோடியே 30 லட்சம் அளவுக்கு உயர்ந்தன. வண்டிகளை மட்டும் பெருக்கியதால் வந்த வளர்ச்சியன்று இது. சென் தெனி முதலிய பெருவீதிகளில் கார்களிடமிருந்து தடுத்துப் பிரித்த அகன்ற மிதிவண்டிப் பாதைகள் அமைந்ததும் ஒரு காரணம். அதற்குக் கடைக்காரர்கள் காட்டிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமன்று. வண்டி நிறுத்த இடம் போனால் வாடிக்கையும் போகும் என்பது அவர்கள் அச்சம்.

ஒரு சங்கடம் மட்டும் இன்றும் தீர்ந்தபாடில்லை. காலையில் எல்லாரும் மேட்டுப் பகுதிகளிலிருந்து நகர் நடுவை நோக்கி இறங்குகிறார்கள். மேட்டில் வண்டி இல்லை, பள்ளத்தில் பூட்ட இடமில்லை! மாலையில் சிலர் ஏற்றத்திற்கு அஞ்சி ரயிலில் வீடு திரும்புவதால் கணக்கு மேலும் பிசகுகிறது. லாரிகள் ஓயாமல் வண்டிகளை ஏற்றி இறக்கிச் சரிசெய்கின்றன. நம் யாழ்ப்பாணத்து அன்பருக்கு இரவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் குன்றைச் சுற்றி வடக்கே வரும் ஏற்றம் உண்டு. மின்வண்டி எடுத்தால் எளிது. சந்தாக்காரரும் அதற்கு நிமிடக் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும். அவர் பெரும்பாலும் மிதித்தே வருகிறார்.

மற்றொன்று, குளிர். நவம்பர் நடுவில் நிலையங்களை எல்லாம் பெயர்த்துக் கிடங்கில் வைத்துவிட்டு, ஏப்ரல் நடுவில் மீண்டும் கொண்டுவந்து பரப்புவதே நெடுநாள் வழக்கம். சனவரி இரவுகளில் குளிர் சுழியத்திற்குக் கீழே 20 பாகையைத் தொடும் ஊரில் பனி வாரும் இயந்திரங்களுக்கும் வழி வேண்டுமல்லவா? 2023-24 குளிர்காலத்தில் முதன்முறையாக ஏறத்தாழ 150 நிலையங்களை எடுக்காமல் விட்டுவைத்தார்கள். வழுக்காதிருக்க ஆணி பதித்த டயர் பூட்டினார்கள், மின்வண்டிகளைத் தவிர்த்தார்கள். பனிக்காலத்தில் யார் ஏறுவார் என்று நகைத்தோர் உண்டு. நம் அன்பர் தம் பெட்டியைத் திறந்து, இரண்டு சோடி கையுறைகளையும் காதுவரை மூடும் கம்பளித் தொப்பியையும் எடுத்துக் காட்டினார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சோடியையும் அணிந்தால் பிரேக்கைப் பிடிக்க விரல் வளைவதில்லையாம். ஆகவே ஒரு சோடிதான், மற்றது சட்டைப் பைக்குள், பாதி வழியில் மாற்றிக்கொள்வதற்கு.